பனி அள்ளும் ரோபோ: பிள்ளைகளிடம் வாங்கச் சொல்லும் முன்

கொஞ்ச காலமாக நம்ம பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரி வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. ராத்திரி நேரம், வீட்டு முன்னால் வெள்ளை வெளேரென்று பனி, ஆளே இல்லாமல் ஒரு சின்ன வண்டி அங்கும் இங்கும் ஓடி அதைத் தூக்கி ஓரமாக வீசுகிறது. பிள்ளைகளைக் கனடாவுக்கோ ஜெர்மனிக்கோ அனுப்பிவிட்டு மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் நாகர்கோவிலிலும் இருக்கிற அப்பா அம்மாக்கள் அதைப் பார்த்ததும், "மக்களே, நீ எதுக்குக் குனிஞ்சு நிமிந்து கஷ்டப்படுத, இதுல ஒண்ணு வாங்கிப் போடு" என்று உடனே அனுப்பிவிடுகிறார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அந்த வண்டியைப் பற்றி நாம் பேசுவதில் பாதி தவறாக இருக்கிறது. பனியை உருக்கிவிடும் என்கிறார்கள், கண்ணால் பார்த்துப் பார்த்து ஓடும் என்கிறார்கள், ஒருதடவை வாங்கிவிட்டால் குளிர்காலம் முழுக்க அந்தப் பக்கமே போக வேண்டாம் என்கிறார்கள். மூன்றுமே சரியில்லை. பனியே பார்க்காத ஊரில் இருந்துகொண்டு இதைத் தெரிந்துகொள்வது எதற்கு என்றால், நம் வார்த்தையை நம்பிப் பிள்ளைகள் சில ஆயிரம் டாலர் செலவு பண்ணிவிடக் கூடாது, அதற்காகத்தான்.

பஞ்சு மாதிரி தெரியும், கனம் அப்படி இல்லை

வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் கார் ஏறி வர ஒரு தளம் இருக்கும், அங்கே அதை டிரைவ்வே என்பார்கள். 50 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நம்ம கணக்கில் ஏறத்தாழ ஒன்றேகால் சென்ட். அதன் மேல் 10 செ.மீ. பனி விழுந்தால் மொத்தம் 5 கன மீட்டர். புதிதாக விழுந்த உலர்ந்த பனி கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ வரும், அப்படியானால் 500 கிலோ. அதுவே ஈரப்பனியாக இருந்தால், அல்லது விழுந்து கிடந்து அமுங்கிப்போனால், கன மீட்டருக்கு 300 கிலோவைத் தாண்டிவிடும். ஒன்றரை டன். காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால், இருட்டில், ஒரு மண்வாரி மாதிரியான பிளாஸ்டிக் வாரியை வைத்து இதைத்தான் அள்ளிப் போடுகிறார்கள்.

இதில் ஆபத்தும் இருக்கிறது, நாம் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. அமெரிக்காவில் 1990 முதல் 2006 வரையிலான விவரங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், பனி அள்ளும்போது காயம்பட்டோ உடம்புக்கு முடியாமலோ அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரி 11,500 பேர். அந்த 17 ஆண்டுகளில் இறந்தவர்கள் 1,647 பேர், எல்லாமே இதயம் சம்பந்தப்பட்ட சாவு. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். அதோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு கையால் கனத்தைத் தூக்கும்போது இதயத்துக்கு இரண்டு பக்கமும் சுமை. பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போய் ஆறு மாதம் தங்கியிருக்கும் அறுபது வயதுக்காரர், "சும்மாதானே இருக்கேன்" என்று வாரியை எடுத்துக்கொண்டு இறங்குவது உண்மையிலேயே பயப்பட வேண்டிய காரியம். ரோபோவுக்குச் சாதகமாக ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

சரி, இதுவரை: பனி கனமானது, ஈரமானால் இன்னும் மோசம், அதை அள்ளுவது உயிரோடு விளையாடுகிற வேலையாக மாறக்கூடும்.

ரோபோவின் பலம் வலு இல்லை, விடாமல் செய்வது

குளச்சல், முட்டம் பக்கத்துக் காரர்களுக்கு இதைச் சட்டென்று புரியவைக்கலாம். வள்ளத்துக்குள் தண்ணீர் ஏற ஏறவே கோரி ஊற்றிக்கொண்டிருந்தால் ஒரு சின்னப் பாத்திரம் போதும், ஒரு சின்னப் பையனே செய்துவிடுவான். பாதி வள்ளம் நிறையட்டும் என்று விட்டுவிட்டால் அப்புறம் நாலு பேர் சேர்ந்தாலும் திணறல்தான். மொத்தத் தண்ணீர் அதேதான், எப்போது கோருகிறோம் என்பதுதான் வேறு.

பனி அள்ளும் ரோபோவும் இந்த ஒரே தத்துவத்தில்தான் நிற்கிறது. மணிக்கு 2 செ.மீ. வீதம் ராத்திரி 8 மணி நேரம் பனி விழுகிறது என்று வையுங்கள். விடிந்த பிறகு போனால் அந்த ஒன்றேகால் சென்டில் 800 கிலோ கிடக்கும், அதுவும் அமுங்கி இறுகிப்போய். மணிக்கு ஒருதடவை போனால் ஒவ்வொரு தடவையும் 100 கிலோதான், அதுவும் இறுகாத புதுப்பனி. மனிதனால் ராத்திரி முழுக்க மணிக்கொருதடவை எழுந்து போக முடியாது. வண்டியால் முடியும். அதனால்தான் இந்த வண்டிகள் சின்னதாக இருந்தும் வேலை நடக்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் வீடியோக்களில் ஏன் எப்போதும் மெல்லிய பனியே தெரிகிறது என்பதும் புரிந்துவிடும். முழங்கால் அளவு பனியில் இறக்கி விட்டால் பெரும்பாலான வீட்டு ரோபோக்கள் நின்றுவிடும்.

உருக்குவது இல்லை, வீசுவது

"சூடு வைத்து உருக்கிவிட்டால் என்ன?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கிற ஒரு கிலோ பனியைத் தண்ணீராக்க 334 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். 500 கிலோவுக்கு அதை மின்சாரமாக மாற்றிப் பார்த்தால் ஏறத்தாழ 46 யூனிட். நம்ம மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தருகிற 100 யூனிட்டில் கிட்டத்தட்ட பாதி, ஒரே ஒரு நாள் பனிக்கு. பனி மைனஸ் 10 டிகிரியில் கிடந்தால் முதலில் அதைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவரவும் செலவு. உருகிய தண்ணீர் வடிய வழி இல்லையென்றால் மறுபடி உறைந்து கண்ணாடி மாதிரி ஐஸ் தளமாகிவிடும், அது பனியைவிட ஆபத்து.

அதே 500 கிலோவைத் தூக்கிச் சில மீட்டர் தள்ளி எறிய, வெறும் எறிவதற்கான சக்தியை மட்டும் பார்த்தால், ஒரு யூனிட்டில் நூறில் ஒரு பங்குகூட வராது. பனியை வெட்டுவது, உரசல், வண்டி நகர்வது எல்லாம் சேர்த்தால் பல மடங்கு கூடும், ஆனாலும் உருக்குகிற செலவுக்குப் பக்கத்தில் வராது. பேட்டரியில் ஓடுகிற வண்டி ஏன் வீசும் வழியைப் பிடித்துக்கொண்டது என்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

வீசுவது எப்படி? வண்டியின் முன்னால் குறுக்குவாட்டில் திருகு வடிவத்தில் ஒரு இரும்புச் சுருள் சுழலும். இதற்கு ஆகர் என்று பெயர். அது பனியை வெட்டி இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவுக்குத் தள்ளும். நடுவில் வேகமாகச் சுழலும் ஒரு விசிறி, அதுதான் இம்பெல்லர், நம்ம வீட்டு மோட்டார் பம்புக்குள் இருப்பதன் பெயரேதான். அது பனியைப் பிடித்து மேலே வளைந்த ஒரு குழாய் வழியாக வெளியே எறியும். குழாயைத் திருப்பினால் வீசும் திசை மாறும். சக்கரத்துக்குப் பதிலாக ஹிட்டாச்சி வண்டியில் இருக்கிற மாதிரி ரப்பர் செயின் போட்டிருப்பார்கள், பனியில் வழுக்காமல் இருக்க. யார்போ என்ற நிறுவனத்தின் வண்டியில் இந்த முன்பக்கம் 24 அங்குலம், அதாவது ஏறத்தாழ 60 செ.மீ. அகலம். அந்த அகலத்தில் நம்ம 50 சதுர மீட்டரை முடிக்க ஒருதடவைக்குக் குறைந்தது 83 மீட்டர் ஓட வேண்டும், ஓரம் விட்டுப்போகாமல் கொஞ்சம் மேலேறி ஓடுவதையும் சேர்த்தால் 100 மீட்டர்.

வீசாமல் தட்டையான பலகையால் தள்ளிக்கொண்டு போகும் வகையும் உண்டு. மலிவு, எளிமை. ஆனால் தள்ளிய பனி ஓரத்தில் மேடாகச் சேர்ந்துகொண்டே போகும், பாதிக் குளிர்காலத்தில் தள்ள இடம் இருக்காது.

ஆக, இந்த வண்டி பனியை இல்லாமல் ஆக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. இடம் மாற்ற இடம் வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டிய வீட்டில் எங்கே வீசுவது? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

அதற்கு வழி எப்படித் தெரிகிறது?

முதலில் ஒன்று: கையில் ரிமோட் வைத்துக்கொண்டு ஒருவர் ஓட்டுகிற வண்டி ரோபோ இல்லை. நமக்கு வரும் வீடியோக்களில் இந்த வகையும் கலந்து வருகிறது. ரோபோ என்றால் தானே வழி பிடித்து ஓட வேண்டும்.

அது பார்த்து ஓடுகிறது என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலும் மனப்பாடமாக ஓடுகிறது. வாங்கியதும், பனி இல்லாத நாளாகப் பார்த்து, வீட்டுக்காரர் போன் செயலி வழியாக வண்டியை டிரைவ்வேயின் விளிம்பை ஒட்டி ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். எங்கே போகக் கூடாது, எந்தப் பக்கம் வீச வேண்டும் என்றும் குறித்துக் கொடுக்க வேண்டும். அது ஒரு வரைபடமாகப் பதிவாகிவிடும். அப்புறம் பனி விழும்போது அந்த வரைபடத்துக்குள் தான் எங்கே நிற்கிறோம் என்று மட்டும் அதற்குத் தெரிந்தால் போதும்.

அந்த "எங்கே நிற்கிறோம்" என்பதற்கு நம் போனில் இருக்கிற ஜிபிஎஸ் போதாது. செயற்கைக்கோள் இருப்பது சுமார் 20,000 கி.மீ. உயரத்தில், சிக்னல் காற்று மண்டலத்தைத் தாண்டி வரும்போது கொஞ்சம் தாமதமாகும், அதனால் சில மீட்டர் பிசகும். சில மீட்டர் பிசகினால் வண்டி தோட்டத்துக்குள் போய்விடும். இதைச் சரிசெய்ய ஆர்டிகே என்று ஒரு முறை இருக்கிறது. நாகர்கோவில் மணிமேடையில் ஒரு ஜிபிஎஸ் கருவியை அசையாமல் பொருத்திவிட்டோம் என்று வையுங்கள். மணிமேடை எங்கே இருக்கிறது என்பது நமக்கு முன்பே துல்லியமாகத் தெரியும். அந்தக் கருவி "நான் ஒன்றரை மீட்டர் கிழக்கே இருக்கிறேன்" என்று காட்டினால், இந்த நிமிடம் சிக்னல் எவ்வளவு, எந்தப் பக்கம் பிசகுகிறது என்று தெரிந்துவிடும். வடசேரியில் ஓடுகிற வண்டிக்கும் பிசகு ஏறத்தாழ அதேதான், ஏனென்றால் இரண்டும் பக்கத்தில், ஒரே வானத்துக்குக் கீழே. அந்தத் திருத்தத்தை ரேடியோ வழியாக வண்டிக்குச் சொல்லிவிட்டால் பிசகு சில சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். வீட்டு ரோபோவுக்கும் இதேதான், கூரையிலோ கம்பத்திலோ ஒரு நிலையான ஆன்டெனா வைக்கிறார்கள்.

இதற்குத் திறந்த வானம் வேண்டும். பெரிய மரங்கள், இரண்டு பக்கமும் உயரமான வீடுகள் இருந்தால் தடுமாறும்.

கேமராவும் லைடாரும் வைத்தால் என்ன என்று கேட்கலாம். லைடார் என்பது லேசர் ஒளியை வீசி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கும் கருவி. கொட்டுகிற பனியில் ஒவ்வொரு துகளும் அந்த ஒளியைத் திருப்பி அனுப்பும், எதிரில் சுவர் இருப்பது போல அதற்குத் தோன்றும். கேமராவுக்கு எல்லாமே வெள்ளை, விளிம்பு தெரியாது, கண்ணாடியிலும் பனி ஒட்டிக்கொள்ளும். தடையைக் கண்டுபிடிக்க இவற்றையும் வைக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் வேலை மும்முரமாக நடக்க வேண்டிய நேரத்தில்தான் இவற்றின் கண் மங்குகிறது.

சுருக்கமாக: வரைபடம் நாம் கொடுப்பது, இடம் செயற்கைக்கோள் சொல்வது, கண் துணைக்கு மட்டும்.

குளிரும் பேட்டரியும்

லித்தியம் அயன் பேட்டரிக்குக் குளிர் ஆகாது. உள்ளே நடக்கிற வேதிவினை மந்தமாகிவிடும், கொடுக்கிற சக்தி குறையும். அதைவிட முக்கியம், பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே போய்ச் சேராமல் மின்முனையின் மேலே உலோகமாகப் படியும், பேட்டரி நிரந்தரமாகக் கெடும். அதனால் இந்த வண்டிகள் பேட்டரியைச் சூடாக்கிக்கொண்டுதான் சார்ஜ் ஏற்றும். அந்தச் சூட்டுக்கும் கரண்ட் வேண்டும், நேரமும் வேண்டும். சார்ஜ் தீர்ந்து வண்டி தன் இடத்துக்குத் திரும்பி நிற்கிற நேரத்தில் பனி நிற்பதில்லை. பெரும்பனி நாளில் வண்டி பின்தங்குவது இப்படித்தான்.

எங்கே தோற்கிறது

எனக்குப் பெரிய குறையாகப் படுவது விளம்பரங்களில் வராத ஒன்று. ஊராட்சியின் பெரிய வண்டி ரோட்டில் பனியைத் தள்ளிக்கொண்டு போகும்போது, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு வரப்பு மாதிரி பனியை ஒதுக்கிவிட்டுப் போகும். அது ரோட்டுப் பனி, உப்பு கலந்தது, வண்டிகள் ஏறி இறுகியது, கட்டி கட்டியாக ஐஸ் கிடக்கும். வீட்டு ரோபோவின் ஆகர் அதைக் கடிக்கத் திணறும். ராத்திரி முழுக்க ரோபோ வேலை பார்த்து டிரைவ்வே சுத்தமாக இருக்கும், ஆனால் வாசலில் அந்த வரப்பைத் தாண்டிக் கார் இறங்காது. கடைசியில் மனிதன்தான் வாரியை எடுக்க வேண்டும், அதுவும் இருக்கிறதிலேயே கனமான பகுதிக்கு. இதயத்துக்கு ஆபத்து என்று சொன்னோமே, அந்த வேலை குறையும், போகாது.

அடுத்தது ஐஸ். உறைந்து தரையோடு ஒட்டிய ஐஸை எந்த வீசும் வண்டியும் எடுக்காது. அதற்கு உப்புதான் போட வேண்டும், நம்ம புத்தளம் அளத்தில் விளைகிற அதே சோடியம் குளோரைடுதான். அதுவும் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் மிக மந்தமாகிவிடும், வேறு உப்புகளைத் தேட வேண்டும். ஈரப்பனி என்றால் அது குழாய்க்குள் அடைத்துக்கொள்ளும், அடைப்பை மனிதன்தான் எடுக்க வேண்டும். கையால் எடுக்கவே கூடாது, வண்டியை முழுசாக அணைத்துவிட்டுக் குச்சியால் மட்டும்தான். சாதாரண பனி வீசும் இயந்திரங்களில் கையை விட்டு விரல் போனவர்கள் அமெரிக்காவில் வருஷா வருஷம் இருக்கிறார்கள். இயந்திரம் நின்ற பிறகும் அழுத்தத்தில் சிக்கிய சுருள் திடீரென்று ஒரு சுற்றுச் சுற்றிவிடும். இது ரோபோவானாலும் மாறப்போவதில்லை.

படிக்கட்டு ஏறாது. ஜல்லித் தளமாக இருந்தால் கல்லைச் சேர்த்து வீசிவிடும். மறந்து விட்டுவிட்ட குழந்தை சைக்கிள், கயிறு, செய்தித்தாள் இதெல்லாம் பனிக்கடியில் கிடந்தால் ஆகர் சுற்றி இழுத்துக்கொள்ளும். வெளியே நிற்கிற விலை உயர்ந்த பொருள் என்பதால் திருட்டுப் பயமும் உண்டு.

விமான நிலையத்தில் மட்டும் ஏன் நன்றாக ஓடுகிறது?

2017-இல் ஜெர்மனியில், ஃபெர்ட்ஸ்ஃபெல்ட் என்ற பழைய விமானத் தளத்தில், நான்கு பெரிய மெர்சிடிஸ் அரோக்ஸ் லாரிகள் ஓட்டுநர் ஓட்டாமல் வரிசையாகப் பனி தள்ளுவதை டைம்லர் நிறுவனம் காட்டியது. 2018-இல் நார்வேயில் ஃபாகர்னெஸ் விமான நிலையத்திலும் இப்படிச் சோதனை நடந்தது. வீட்டு வாசலில் திணறுகிற அதே யோசனை அங்கே ஏன் எடுபடுகிறது? அங்கே மரம் இல்லை, வானம் முழுசாகத் திறந்திருக்கும், செயற்கைக்கோள் சிக்னல் தடையில்லாமல் வரும். வேலிக்குள் குழந்தையோ நாயோ வராது. வரைபடம் மாறாது. வண்டியும் டன் கணக்கில் எடையுள்ளது, டீசலில் ஓடுவது, பேட்டரிக் கவலை கிடையாது. இன்னொரு பக்கம், பனி எப்போது வரும் என்று தெரியாமலேயே ஓட்டுநர்களை ராத்திரி பகலாகக் காத்திருக்க வைக்க வேண்டியிருக்கிறது, ஓடுபாதை மூடிக் கிடக்கிற ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். இவ்வளவு காரணம் இருக்கிற இடத்தில்தான் செலவு கட்டுப்படியாகிறது. நடைபாதைகளுக்கான ரோபோ செய்துவந்த லெஃப்ட் ஹேண்ட் ரோபோட்டிக்ஸ் என்ற கொலராடோ நிறுவனத்தை, புல்வெட்டும் இயந்திரமும் பனி வீசும் இயந்திரமும் செய்கிற டோரோ நிறுவனம் 2021-இல் வாங்கியதும், இந்த மாதிரிப் பெரிய, ஒழுங்கான இடங்களில் எதிர்காலம் இருக்கிறது என்பதால்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஓட்டுநர்களின் வேலை போகாதா என்றால், கவலைப்பட வேண்டிய விஷயம்தான். குளிர்காலக் கூலியை நம்பியிருக்கிற ஆட்கள் அங்கே நிறைய.

அப்போ வாங்கச் சொல்லலாமா?

அடுக்குமாடியிலோ வாடகைக்கோ இருக்கிற பிள்ளைக்கு இதை அனுப்பவே வேண்டாம், அங்கே பனி எடுப்பது பெரும்பாலும் கட்டட நிர்வாகத்தின் பொறுப்பு. படிக்கப் போயிருக்கிற பிள்ளைக்கும் வேண்டாம். சொந்த வீடு, நீளமான சமதளமான டிரைவ்வே, சுற்றிலும் வீச இடம், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் பனி விழுகிற ஊர், வீட்டில் முதுகுவலியோ இதய நோயோ உள்ளவர் என்றால் யோசிக்கலாம். அங்கே பல ஊர்களில் வீட்டு முன்னால் உள்ள நடைபாதையைச் சுத்தம் செய்யச் சட்டமே இருக்கிறது, கனடாவின் கால்கரி நகரில் பனி நின்று 24 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அந்த வீட்டுக்காரர் நைட் ஷிப்டில் இருக்கிற நர்ஸ் என்றால் ரோபோ பெரிய உதவிதான்.

கேட்பதற்கு முன்னால் இன்னொரு வழியும் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். சீசன் முழுக்கப் பனி எடுத்துத் தர ஒரு தொகை பேசி ஆள் வைத்துக்கொள்ளும் பழக்கம் கனடாவில் சாதாரணம். டிராக்டரோடு வருவார்கள், வாசலில் கிடக்கும் அந்த வரப்பையும் சேர்த்தே எடுப்பார்கள், பேசும்போது மட்டும் அதையும் சேர்த்துப் பேசிக்கொள்ள வேண்டும். ரோபோவின் விலையில் எத்தனை குளிர்காலத்துக்கு அந்த ஆளை வைக்கலாம் என்று பிள்ளையையே அங்கத்து விலையில் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்தாறு குளிர்காலம் வருகிறது என்றால், முதலில் ஆளை வைக்கச் சொல்லுவது நல்லது.